வெளியே நின்றவர் கேட்ட முதல் கேள்வி

என் அண்ணனை ஊரில் 'முப்பத்தொன்பது' என்றுதான் சொல்வார்கள். "முப்பத்தொன்பதைக் கூப்பிட்டு விடுங்க, இது மறுபடியும் படுத்துடுச்சு" என்று யாராவது வாசலில் நின்று குரல் கொடுப்பார்கள். அம்மா மட்டும் அவனை "பெரியவனே" என்பாள். கோபம் வந்தால்தான் அவன் சொந்தப் பெயர் வெளியே வரும்.

அந்தப் பட்டம் வந்தது இப்படி. இருபது வருஷத்துக்கு முன்னால் வீட்டில் ஒரு கம்ப்யூட்டர் இருப்பது பெரிய விஷயம். புதுசு வாங்கியவர்கள் குறைவு. ஏதாவது ஆபீசில் கழித்துக் கட்டியதைத் தெரிந்தவர் மூலமாகப் பிடித்து வந்து, முன்னறையில் மேசை போட்டு, டிவிக்குத் தைத்த மாதிரியே அதற்கும் பூப்போட்ட துணியில் உறை தைத்துப் போட்டு வைப்பார்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை அதற்குப் பைத்தியம் பிடிக்கும். எழுப்பினால் எழாது, எழுந்தால் நகராது, நகர்ந்தால் தானாக அணைந்து தானாக எரியும். அப்போது உள்ளே இருப்பதை எல்லாம் துடைத்துவிட்டு, அதை இயக்குகிற ஓ.எஸ்.ஸை முதலிலிருந்து போட வேண்டும். எங்கள் நாலு தெருவுக்கும் அதைப் போடத் தெரிந்தவன் அண்ணன் ஒருத்தன்தான். சீடியைச் செருகியதும் நீலத் திரை வரும், ஒரு முறை அணைந்து எரியும், அப்புறம் இடது ஓரத்தில் 'முடிய இன்னும் 39 நிமிடங்கள்' என்று வந்து நிற்கும், கீழே ஒரு பச்சைக் கோடு மெல்ல நகரும். எந்த வீட்டுக் கம்ப்யூட்டரானாலும் அதே முப்பத்தொன்பதுதான்.

"எவ்வளவு நேரம் ஆகும் தம்பி?"

"முப்பத்தொன்பது நிமிஷம்."

ஒரு நாளும் முப்பத்தொன்பது நிமிஷத்தில் முடிந்தது கிடையாது. ஒரு மணி நேரம் ஆகும், ஒன்றரையும் ஆகும். ஆனால் அண்ணன் திரை சொன்னதைத்தான் சொல்வான். அதற்கு மேல் சொந்தமாக ஒரு வார்த்தை சேர்க்கிற ஆள் இல்லை அவன்.

அவனுக்கு வேலை ஒரு மோட்டார் பம்பு கம்பெனியில், ஸ்டோர் கீப்பராக. பேரிங்கும் வாஷரும் ரப்பர் வளையமும் அளவுவாரியாக அடுக்கிய நீள அறையில், காலையிலிருந்து மாலை வரை, ஜன்னல் வழியாகச் சீட்டு வரும், இவன் கையிலிருந்து பொருள் போகும். பேச்சுக்கு அங்கே தேவையே இல்லை. அந்த ஸ்டோருக்கு ஒரு கம்ப்யூட்டர் வந்து வாரத்துக்கு ஒரு முறை மக்கர் பண்ண, ரிப்பேருக்கு வந்தவர் செய்வதை நாலு தடவை பார்த்தான், ஐந்தாவது தடவை அவனே செய்துவிட்டான். அவ்வளவுதான் அவன் படிப்பு.

எங்கள் அப்பாவைப் பற்றியும் இங்கே சொல்லிவிட வேண்டும். அவர் லாரி புக்கிங் ஆபீசில் மூட்டைகளுக்கு எடை போட்டு எழுதுகிறவர். அண்ணனுக்கு ஏழு வயதாக இருக்கும்போது ஒரு காய்ச்சலில் போய்விட்டார். எனக்கு அப்போது நாலு. எங்களிடம் இருப்பது அவருடைய ஒரே ஒரு போட்டோ, அதுவும் கல்யாண போட்டோ. அதில் அவர் யாரையோ பார்த்துப் பயந்த மாதிரி நிற்பார். அவர் குரல் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. அண்ணனும் தெரியாது என்றுதான் சொல்வான்.

அந்தக் காலத்து ஞாயிற்றுக்கிழமைகளை இப்போது நினைத்தாலும் எனக்கு இனிக்கும். தோளில் சீடி பவுச்சோடு அண்ணன் ஒரு வீட்டுக்குள் போவான். உள்ளே இருந்து நாற்காலி வரும், பின்னாலேயே காபி வரும். அவன் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பான். நம்பர் அடிக்கிற கட்டம் வந்ததும் வீட்டில் யாராவது சீடி உறையைக் கையில் வாங்கி, கண்ணாடி மாட்டிக்கொண்டு, ஒவ்வோர் எழுத்தாகப் படிக்க வேண்டும். "பி..." "பியா, டியா?" "பம்புக்கு வர்ற பி தம்பி." இருபத்தைந்து எழுத்து முடிவதற்குள் வீடே மேசையைச் சுற்றி நிற்கும். மற்ற நேரமெல்லாம் காத்திருப்பதுதான். பேசாத ஒருத்தன் பக்கத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தால் மற்றவர்களுக்கு வாய் திறந்துகொள்ளும் போலிருக்கிறது. யார் வீட்டில் யாரோடு மனஸ்தாபம், எந்த மாப்பிள்ளைக்கு வேலை போய்விட்டது, எல்லாம் அண்ணன் காதில் விழும். அவன் வாயிலிருந்து அது வேறெங்கும் போகாது. என்னிடம்கூடச் சொல்ல மாட்டான். நான் கெஞ்சிப் பார்த்திருக்கிறேன்.

ஒரு விஷயத்தில் மட்டும் கறாராக இருப்பான். அழிப்பதற்கு முன்னால் கேட்பான்: "உள்ள முக்கியமானது ஏதாச்சும் இருக்கா?" இல்லை என்றாலும் தானே ஒரு முறை தேடிப் பார்ப்பான். அப்புறம் மறுபடியும் கேட்பான்.

இப்போது நர்ஸம்மாவுக்கு வருகிறேன். எங்கள் ஊர்ப் பிரசவ ஆஸ்பத்திரியில் முப்பத்து நாலு வருஷம் வேலை பார்த்தவர். நாலு தெருவில் நாற்பது வயதுக்கு உட்பட்ட முக்கால்வாசிப் பேர் அவர் கையில் விழுந்தவர்கள்தான். அண்ணனும் நானும் அதில் சேர்த்தி. கண்டிப்பான பேர்வழி. தெருவில் எதிரே வந்தால் பேங்க் மானேஜர்கூடச் சட்டைப் பொத்தானைச் சரிபார்த்துக்கொள்வார்.

வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் அவர் தனக்கென்று நோட்டு வைத்திருந்தார். நீளக் கோடு போட்ட நோட்டு, மொத்தம் பதினேழு. தேதி, நேரம், அம்மா பெயர், குழந்தை, எடை. கடைசிக் கட்டத்தில் இன்னொன்று: கதவுக்கு வெளியே நின்றவர் கேட்ட முதல் கேள்வி.

"கதவைத் திறந்துக்கிட்டு வெளிய வர்றது நான்தான். என் மூஞ்சியைப் பார்த்ததும் ஒரு கேள்வி வரும் பாரு, அதுல ஆள் தெரிஞ்சிடும்" என்பார். பாதிக்கு மேல் 'ஆணா பொண்ணா'தான். 'உசுரோட இருக்காளா' என்று கேட்டவர் உண்டு. 'நான் வேலைக்குக் கிளம்பலாமா' என்றவர் உண்டு. ஒரு மாமியார் 'கலரு?' என்று ஒரே வார்த்தையில் முடித்திருக்கிறார். ஒரே ஒருவர் மட்டும், 'நீங்க சாப்பிட்டீங்களா சிஸ்டர்?' என்று கேட்டாராம்.

நர்ஸம்மா ஓய்வு பெற்றதும் வெளியூரில் வேலை பார்க்கிற அவர் மகன், காலி செய்துவிட்டுப் போன ஏதோ ஆபீசின் பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கிக் கொடுத்து, அதில் தமிழ் அடிக்கிற எழுத்துருவையும் ஏற்றிக் கொடுத்தான். நோட்டுகளைக் கரையான் பிடிக்கத் தொடங்கியிருந்தது. நர்ஸம்மா ஒற்றை விரலால் அடிக்க ஆரம்பித்தார். நாளைக்கு ஒன்று, உடம்பு முடியாத நாளில் அதுவும் இல்லை என்று நாலு வருஷம். ஆயிரத்து நூற்று நாற்பத்தாறு பிறப்பு. ஒரு நோட்டு முடிய முடியப் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடுவார். கடைசி இரண்டு நோட்டுகளில் கரையான் இல்லாததால் அவை மட்டும் பீரோவில் கிடந்தன.

அது வரை ஒரு முறைகூடப் படுக்காத கம்ப்யூட்டர் தானாக அணைந்து எரிகிறது என்று அந்த ஞாயிற்றுக்கிழமை காலை சொல்லி அனுப்பியிருந்தார். அண்ணன் போனான்.

"உள்ள முக்கியமானது ஏதாச்சும் இருக்கா நர்ஸம்மா?"

"ஒண்ணும் இல்லப்பா. போட்டோ, கீட்டோ எல்லாம் எனக்கு எதுக்கு? எனக்கு வேண்டியது வேர்டுதான். அது போயிடாதுல்ல?"

"வேர்டை மறுபடி போட்டுத் தந்துடறேம்மா."

"அது போதும்."

இரண்டு பேரும் சரியாகத்தான் பேசிக்கொண்டார்கள். அவருக்கு வேர்ட் என்பது பீரோ மாதிரி. வீட்டை வெள்ளையடித்தால் பீரோவிலிருக்கும் புடவை எங்கே போகும்? அண்ணனுக்கு வேர்ட் என்பது ஒரு சீடி. அவன் வழக்கப்படி தேடியும் பார்த்தான். வழக்கமாகக் கோப்புகள் கிடக்கும் இடத்தில் ஒன்றும் இல்லை. அந்தப் பழைய ஆபீஸ்காரர்கள் சேமிக்கிற இடத்தை எங்கோ உள்ளறைக்குள் மாற்றி வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். அது இவனுக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. டிஸ்க்கும் சின்னது, பிரிக்காமல் ஒரே துண்டாக இருந்தது, துடைத்தால் எல்லாமே போகும். மறுபடியும் கேட்டான், அவர் மறுபடியும் ஒன்றும் இல்லை என்றார். அண்ணன் துடைத்தான்.

முப்பத்தொன்பது வந்தது. நர்ஸம்மா காபி கொண்டு வந்தார்.

"நீ பொறந்ததும் என் கணக்குல இருக்கு, தெரியுமா? உங்க அப்பா என்ன கேட்டார்னு எழுதியிருப்பேன்."

அண்ணன் திரையை விட்டுத் திரும்பினான். "என்ன கேட்டார்?"

"ஞாபகம் இல்லடா. எழுதி வச்சுட்டோம்ங்கற தைரியத்துல எல்லாத்தையும் மறந்துட்டேன். இது முடியட்டும், தேடித் தர்றேன்."

அன்றைக்குக் கோடு நகர்ந்த மாதிரி என்றைக்கும் மெதுவாக நகர்ந்ததில்லை என்று அண்ணன் என்னிடம் பின்னால் சொன்னான். நர்ஸம்மா நோட்டைத்தான் சொல்கிறார் என்று அவன் நினைத்திருந்தான். அவன் ஞாபகத்தில் இல்லாத ஒரு குரலில் ஒரு வரி, இன்னும் சில நிமிஷத்தில். இரண்டாவது காபியையும் வேண்டாம் என்று சொல்லாமல் குடித்தான். எல்லாம் முடிந்தது. வேர்டைப் போட்டான். நர்ஸம்மா நாற்காலியை இழுத்து உட்கார்ந்து திறந்தார். வெள்ளையாக ஒரு பக்கம் வந்தது. மேலும் கீழும் உருட்டிப் பார்த்தார்.

"உள்ள இருந்ததெல்லாம் எங்கப்பா?"

அண்ணனுக்கு அந்த ஒரு கேள்வியில் எல்லாம் விளங்கிவிட்டது. அவருக்கு விளங்கவைக்க அரை மணி நேரம் ஆனது. விளங்கியதும் அவர் கத்தவில்லை. கம்ப்யூட்டர் மேல் பூப்போட்ட உறையை இழுத்து மூடினார்.

"வீட்டுக்குப் போ" என்றார்.

அவன் வீட்டுக்குப் போகவில்லை. இரண்டு தெரு தள்ளி இருக்கிற என் வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசல்படியில் உட்கார்ந்தான். அவன் முகத்தைப் பார்த்ததும் அம்மாவுக்குத்தான் என்னவோ என்று பயந்துவிட்டேன். துருவித் துருவிக் கேட்ட பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னான். கடைசியில், "அப்பா கேட்டதை நானே அழிச்சிட்டேன்" என்றான். சாப்பிடச் சொன்னேன். தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு எழுந்து போனான்.

சாயங்காலமே மறுபடி நர்ஸம்மா வீட்டு வாசலில் போய் நின்றிருக்கிறான். ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றித் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறான். அவர் பெட்டியோடு தூக்கி வெளியே வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் டிஸ்க்கிலிருந்து அழிந்ததை மீட்டுத் தருகிற கடை ஒன்று இருந்தது. அண்ணன் கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டு இரண்டு நாள் அந்தக் கடை ஸ்டூலிலேயே உட்கார்ந்திருந்தான். கடைசியில் கடைக்காரர் ஒரு சீடி கொடுத்தார்.

"பழையது மேல புதுசு ஏறிடுச்சு சார். துண்டு துண்டாதான் வந்திருக்கு. ஆனா இங்கிலீஷும் இல்ல, ஒண்ணும் இல்ல. குப்பை."

குப்பைதான். ஸ்டோர் கம்ப்யூட்டரில் அண்ணன் திறந்து பார்த்தபோது பக்கம் பக்கமாக ஆங்கில எழுத்துகள் குதறிக் கிடந்தன. அர்த்தமே இல்லை. தூக்கிப் போட மனசில்லாமல் பார்த்துக்கொண்டே இருந்தவனுக்கு ஒன்று கண்ணில் பட்டது. எம், கே, அரைப்புள்ளி, கே, எச். அதே ஐந்தும் அதே வரிசையில் மறுபடி மறுபடி வந்துகொண்டிருந்தன. நாலு வருஷமாக நர்ஸம்மா அடித்தது தமிழ். அந்தத் தமிழ் எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் அது இங்கிலீஷ் எழுத்தாகத்தான் தெரியும், அதையும் சேர்த்துத்தானே இவன் துடைத்திருந்தான்! கல்யாணப் பத்திரிகை அடிக்கிற கடைக்கு ஓடி அந்த எழுத்துருவை ஒரு பிளாப்பியில் வாங்கி வந்து ஏற்றினான். மொத்தத்தையும் தேர்ந்தெடுத்து எழுத்துருவை மாற்றினான். எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று கிடந்த இடத்திலெல்லாம் 'அம்மா' என்று வந்து நின்றது.

எண்ணிப் பார்த்ததில் முழுசாகத் தேறியது இருநூற்று எட்டு. அதை அச்சடித்துக் கொண்டுபோய் நர்ஸம்மாவிடம் நீட்டினான். அவர் வாங்கிக்கொண்டார். வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை.

அந்த இருநூற்று எட்டில் நான் இருந்தேன். அண்ணன் ஒரு பிரதி எடுத்து என்னிடம் கொண்டுவந்து படித்துக் காட்டினான். பெண், இரண்டே முக்கால் கிலோ. கடைசிக் கட்டத்தில்: 'மூத்த பையனை இடுப்பில் வைத்திருந்தார். கேட்டது: இவன் தூக்கலாமா?'

நான் அழுதுவிட்டேன். அண்ணன் சிரித்துக்கொண்டே, "உன்னோடது கெடச்சிருச்சு பாரு" என்றான். நிஜமான சந்தோஷம்தான் அவனுக்கு. அவனுடையது அதில் இல்லை. எனக்கு வந்தது அவனுக்கு வந்திருக்கக் கூடாதா என்று அன்றைக்கு நினைத்தேன். இன்றைக்கும் நினைக்கிறேன்.

அதற்கப்புறம் மூன்று வாரம் அண்ணன் யார் வீட்டுக்கும் போகவில்லை. சீடி பவுச்சை பீரோ மேல் தூக்கிப் போட்டுவிட்டான். கூப்பிட வந்தவர்களிடம் அம்மா, "அவனுக்கு உடம்பு சரியில்ல" என்று சொல்லி அனுப்பினாள். தெருவில் நர்ஸம்மா எதிரே வந்தால் அண்ணன் சந்துக்குள் திரும்பிவிடுவான்.

நாலாவது ஞாயிற்றுக்கிழமை நர்ஸம்மாவே வந்தார். கையில் அந்த இரண்டு நோட்டு. அம்மா பதறிப்போய் நாற்காலி போட்டாள். அவர் உட்காரவில்லை.

"எங்க அவன்? இங்க வாடா. அழிச்சது நீ. அடிக்க வேண்டியதும் நீ. இதுல நூத்து முப்பத்தொண்ணு இருக்கு. பாக்கியை எனக்கு ஞாபகம் வர்ற வரைக்கும் சொல்றேன். வராததை நீ போய்க் கேட்டுட்டு வா."

"யார்கிட்டம்மா?"

"பெத்தவங்ககிட்டதான். நீ போகாத வீடா?"

அப்படித்தான் அது தொடங்கியது. மொத்தம் இரண்டு வருஷம். அண்ணன் மறுபடியும் பவுச்சைத் தோளில் மாட்டினான். ஓ.எஸ். போடப் போகிற வீட்டில் கோடு நகர ஆரம்பித்ததும், காது சிவக்க, தொண்டையைச் செருமிக்கொண்டு, "அக்கா, உங்க பெரிய பையன் பொறந்தப்ப வெளிய யார் நின்னாங்க?" என்று கேட்க வேண்டும். முதல் நாலைந்து வீட்டில் கேட்க முடியாமலே திரும்பி வந்திருக்கிறான். அப்புறம் ஒரு துண்டுக் காகிதத்தில் கேள்வியை எழுதி நீட்டினான். படித்தவர்கள் சிரித்தார்கள். சிரித்த பிறகு சொல்ல ஆரம்பித்தார்கள். ஓ.எஸ். ஏறி முடிந்து திரை பளிச்சென்று வந்த பிறகும் அவர்கள் சொல்லி முடித்திருக்க மாட்டார்கள்.

ஒரு வீட்டில் புருஷன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "நான் கேட்டது நல்லா ஞாபகம் இருக்கு. 'என் சம்சாரம் எப்படி இருக்கா?'ன்னுதான் கேட்டேன்" என்றாராம். உள்ளே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த மனைவி குரல் கொடுத்திருக்கிறார்: "பொய்! 'ஆம்பளப் புள்ளதானே?'ன்னு நீங்க கத்தினது எனக்கு உள்ள வரைக்கும் கேட்டுச்சு." அண்ணன் பஞ்சாயத்துக்கு நர்ஸம்மாவிடம் கொண்டுபோனான். அவர், "ரெண்டையும் போடு. கேட்டதுன்னு ஒண்ணு, கேட்டிருக்கணும்னு இப்ப நினைக்கறதுன்னு ஒண்ணு" என்று தீர்ப்புச் சொன்னார். சில பெண்கள் வேறொன்றையும் சொன்னார்கள். வெளியே யாருமே நிற்கவில்லை என்று. அதையும் அண்ணன் அப்படியே அடித்தான். நர்ஸம்மா அந்த வரிகளைப் படிக்கும்போது கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொள்வார்.

அம்மாவிடமும் கேட்டான்.

"நான் உள்ள வலியில கெடந்தேன், அவர் என்ன கேட்டார்னு நான் எங்கடா கண்டேன்? வீட்டுக்கு வந்தப்புறம் ஒருநாள் கேட்டேன். சிரிச்சுட்டுப் போயிட்டார்."

அதற்கு மேல் அவளுக்கும் தெரியாது. நர்ஸம்மாவும் எத்தனையோ முறை கண்ணை மூடி யோசித்துப் பார்த்தார். வரவில்லை. அம்மா சொன்னதை வைத்து, அண்ணனுடைய வரியில் ஆண், மூன்று கிலோ நூறு கிராம் வரைதான் இருந்தது. கடைசிக் கட்டம் காலி.

இரண்டாவது வருஷம் பாதியில் ஒருநாள், ஒரு தையற்காரம்மா வீட்டில் அவர் தன் மகள் பிறந்த தேதியைச் சொன்னார். அண்ணன் எழுதிக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது. அது அவன் பிறந்த தேதி. அதே வருஷம்.

"வெளிய யார் நின்னாங்க?"

"எங்க வீட்டுக்காரர்தான். பஸ் டிரைவர். டூட்டியை மாத்திவிட்டுட்டு வந்து நின்னார். இப்ப பொண்ணு வீட்டோட இருக்கார், பேரப்புள்ளைங்கள விட்டு வரமாட்டேங்கறார்."

ரெண்டு மணி நேரப் பஸ் பயணம். அண்ணன் தனியாகப் போக மாட்டான் என்று தெரியும், நானும் கூடப் போனேன். மாடிப்படிக்குக் கீழே ஒரு சின்ன அறையில் டிரைவர் கட்டிலில் உட்கார்ந்து ரேடியோவைக் கழற்றிக்கொண்டிருந்தார். பெரிய உருவம், பெரிய குரல். நாங்கள் யார் என்று அவர் மகள் சொன்னதும் எங்களை மாறி மாறிப் பார்த்தார்.

"எடை போடறவரா? ஒல்லியா? காதுல பென்சில் சொருகியிருப்பாரே, அவரா?"

அந்தப் பென்சிலை அம்மா எங்களுக்குச் சொல்லியிருக்கிறாள். ஆபீசிலிருந்து வந்தால் அதை எடுக்க மறந்துவிட்டு அப்படியே படுத்துவிடுவாராம். தலையை ஆட்டினேன்.

"காலைல ஆறு மணிக்கு நான் போறப்பவே நின்னுக்கிட்டிருந்தார். பெஞ்சு காலியாத்தான் இருந்துச்சு, உட்காரவே இல்ல. நான் டீ வாங்கிக் குடுத்தேன். வாங்கிக் கையில வச்சுக்கிட்டார், குடிக்கல. பத்து மணிக்கு நர்ஸம்மா கதவைத் திறந்துக்கிட்டு வந்தாங்க. இவர் முன்னாடி போனார். வாயைத் திறந்தார். சத்தமே வரல! அவங்க, 'என்ன, கேளுங்க?'ன்னாங்க. மறுபடி திறந்தார். ம்ஹூம். எனக்குப் பொறுக்கல. நான்தான், 'தாயும் புள்ளையும் நல்லா இருக்காங்களாம்மா?'ன்னு கேட்டேன். 'நீ யாருய்யா?'ன்னாங்க. 'அடுத்த ஆளு'ன்னேன்."

அவர் சிரித்தார். கட்டில் குலுங்கியது.

"அப்புறம்?" என்றான் அண்ணன்.

"அப்புறம் என்ன, நல்லா இருக்காங்கன்னாங்க. உங்கப்பா என் கையைப் பிடிச்சார் பாரு, விடவே இல்ல. உள்ள போய்ப் பார்த்துட்டு உடனே திரும்பி வந்து மறுபடி பிடிச்சுக்கிட்டார். என் பொண்ணு பொறக்க மத்தியானம் ரெண்டு ஆச்சு. அது வரைக்கும் பக்கத்துலயே உட்கார்ந்திருந்தார். ஒரு வார்த்தை பேசல. ஆனா எனக்கு அன்னிக்கு அந்த ஆள் இல்லைன்னா..." என்று நிறுத்திவிட்டு ரேடியோ ஸ்க்ரூ ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அண்ணன் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வெளியே பார்த்தபடி இருந்தான். எங்கள் நிறுத்தம் வந்து இறங்கி நாலடி நடந்த பிறகு சொன்னான்.

"அவரும் பேசல."

மறுநாள் அந்தக் கட்டத்தை நிரப்பினான். 'கேட்கவில்லை. பக்கத்தில் நின்ற டிரைவர் கேட்டார்.' நர்ஸம்மா திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோய்ப் படித்தார். சட்டென்று மேசையைத் தட்டினார்.

"ஆமாண்டா! அடுத்த ஆளு! 'அடுத்த ஆளு'ன்னான் அந்த மனுஷன்!" சிரிப்பில் அவருக்குப் புரையேறி, அண்ணன் தண்ணீர் கொண்டுவர ஓடினான். தண்ணீர் குடித்துவிட்டு, "உங்கப்பாவை நான் அன்னிக்குத் திட்டியிருக்கணும்டா. திட்டல. அந்த மூஞ்சியைப் பார்த்து யாருக்குத் திட்ட வரும்?" என்றார். அவன் முன்னால் அவர் மனசு விட்டுச் சிரித்தது, அழிந்ததற்குப் பிறகு அதுதான் முதல் தடவை.

தொள்ளாயிரத்துப் பதினொன்றோடு அந்த வேலை நின்றது. மீதிக் குடும்பங்கள் ஊரை விட்டுப் போயிருந்தன, அல்லது சொல்ல ஆள் இல்லை. தானாக எதையும் இட்டுக்கட்டி நிரப்ப நர்ஸம்மா விடவில்லை. அந்த எண்களுக்கு எதிரே ஒரு கோடு மட்டும் இருக்கிறது. ஸ்பைரல் போட்ட பிரதி முப்பது வீட்டுக்கு மேல் போனது. அதற்கப்புறம் கொஞ்ச காலம் எங்கள் தெருக்களில் வயது வந்த ஆண்களும் பெண்களும் அதிலிருக்கும் தங்கள் வரிசை எண்ணைச் சொல்லிச் சண்டை போட்டுக்கொண்டார்கள். "நான் நானூத்திப் பன்னெண்டு, நீ நானூத்தி அம்பது, மரியாதை குடு" என்று தபால்காரர் மளிகைக் கடைக்காரரை மடக்குவதை நானே கேட்டிருக்கிறேன். அவரவர் அப்பா கேட்டதைச் சொல்லிக் காலை வாருவதும் நடந்தது. 'வேலைக்குக் கிளம்பலாமா' என்று கேட்டவரின் மகனுக்கு அந்தப் பேச்சிலிருந்து இன்னும் விடுதலை கிடைக்கவில்லை.

நர்ஸம்மா அதற்கப்புறம் எட்டு வருஷம் இருந்தார். போகும் வரை அந்தக் கம்ப்யூட்டரை மாற்றச் சம்மதிக்கவில்லை. அண்ணன் அதை மேலும் ஆறு முறை துடைத்து ஓ.எஸ். போட்டான். ஒவ்வொரு முறையும் முதலில் மூன்று சீடியில் பிரதி எடுத்துவிட்டு, அந்த மூன்றையும் வேறொரு கம்ப்யூட்டரில் திறந்து பார்த்துவிட்டு, அதற்குப் பிறகுதான் தொடுவான். அவர் பக்கத்தில் கைகட்டி நின்று பார்த்துக்கொண்டிருப்பார். பிரசவ ஆஸ்பத்திரிக் கட்டடம் இப்போது இல்லை. அங்கே கார் நிறுத்துகிறார்கள்.

அண்ணனுக்கு முப்பத்தெட்டு வயதில் கல்யாணம் ஆனது. அண்ணி அவனுக்கும் சேர்த்துப் பேசுவாள். அவன் இன்னும் அதே ஸ்டோரில்தான் இருக்கிறான். ஓ.எஸ். போட இப்போது யாரும் கூப்பிடுவதில்லை. எல்லாம் போனில் வந்துவிட்டது, கெட்டுப்போனால் புதுசு வாங்குகிறார்கள். ஒரு வீட்டு முன்னறையில் ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருக்க இன்றைக்கு யாருக்கும் ஒரு காரணம் கிடைப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் அவன் குளித்து, தலை வாரி, சட்டை மாற்றிக்கொண்டு, எங்கும் போகாமல் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் எனக்கு என்னவோ போலிருக்கும். இப்போதெல்லாம் அந்த நேரத்தில் நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன். கேட்க வேண்டியதைக் கேட்கிறேன். இப்போதுதான் ஒவ்வொன்றாகச் சொல்கிறான், யார் வீட்டில் யார் என்ன சொன்னார்கள் என்று.

அந்த டிரைவரின் மகளும் அண்ணனும் வருஷா வருஷம் பிறந்த நாளன்று போனில் பேசிக்கொள்கிறார்கள். டிரைவர் போன பிறகும் அது நிற்கவில்லை. இந்த வருஷம் அவளுக்குப் பேத்தி பிறந்திருக்கிறாளாம். அவள் மருமகன் பிரசவ அறைக்கு உள்ளேயே நின்றிருந்தானாம், இப்போதெல்லாம் விடுகிறார்களாம். "அப்ப கதவுக்கு வெளிய யார் நின்னது?" என்று அண்ணன் கேட்டிருக்கிறான். "நான்தான்" என்றாளாம் அவள்.